இரண்டு கம்பெனியும் அமுதாவின் வேனும்

1. மேசையில் இருந்தவர்கள்

நான். மாரிமுத்து. வேன் டிரைவர். பிரிக்பீல்ட்ஸ் என் ரூட்.

சேகர். சாலாக் செலாத்தான் அவன் ரூட். அவனும் வேன் டிரைவர். வாய் கொஞ்சம் நீளம்.

லோகேஸ். சேகரின் மனைவி. ஓர் ஆடிட் ஆபிஸில் கணக்கு வேலை.

அமுதா. போர்ட் கிள்ளான். அப்போது அவளிடம் வேன் இல்லை. மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி பார்சல் போட்டுக்கொண்டிருந்தாள்.

ரவி. அமுதாவின் வீட்டுக்காரர். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். முதுகு போய்விட்டது. அன்று அவரால் அதிக நேரம் உட்கார முடியவில்லை. தூணில் சாய்ந்து நின்றார்.

இடம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடை. ஞாயிற்றுக்கிழமை காலை.

நாங்கள் மூன்று டிரைவர்களும் ஒரு சின்ன கூரியர் கம்பெனிக்கு ஓட்டிக்கொண்டிருந்தோம். அது இழுத்து மூடப்போகிறது என்று தெரிந்துவிட்டது. அடுத்து இரண்டு பெரிய கம்பெனிகள் ஆள் எடுத்தன. இரண்டும் போனில் சாமான் விற்கிற டெக்னாலஜி கம்பெனிகள். பல நாடுகளில் வியாபாரம். பெயர் வேண்டாம். ஒன்றின் பார்சல் பை வெள்ளை, இன்னொன்றின் பை சாம்பல் நிறம். நாங்கள் வெள்ளை, சாம்பல் என்றே சொல்வோம்.

இரண்டு வருட ஒப்பந்தம். ஒன்றில் கையெழுத்துப் போட்டால் மற்றதற்கு ஓட்டக்கூடாது. வெள்ளை ஒரு பார்சலுக்கு ஒரு வெள்ளி எண்பது காசு தருவதாகச் சொன்னது. வெள்ளி என்றால் எங்கள் ஊர் ரிங்கிட். சாம்பல் ஒரு வெள்ளி அறுபது.

"எண்பது எங்க, அறுபது எங்க? இதுக்கு ஒரு மீட்டிங்கா?" என்றான் சேகர். அவனுக்கு ரொட்டி சானாய் வந்துவிட்டது. அதில்தான் கவனம்.

"உங்க வேனுக்குத் தவணை முடிஞ்சுபோச்சு சேகர்" என்றார் ரவி. "எங்களுது இனிமேத்தான் ஆரம்பம். ரெண்டு மாசம் கட்டலைன்னா பேங்க்காரன் வந்து இழுத்துக்கிட்டுப் போயிருவான்."

விஷயம் இதுதான். அமுதா ஒரு பழைய வேன் பார்த்து வைத்திருந்தாள். சீட்டு எடுத்த பணத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டாள். மீதிக்கு வங்கிக் கடன். கடன் கிடைக்க ஒரு கம்பெனியின் சூராட் வேண்டும், இவர் எங்களுக்கு ஓட்டுகிறார் என்று கடிதம். அதை வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் வங்கியில் கொடுக்க வேண்டும். வீட்டில் அவள் ஒருத்தி சம்பாத்தியம்தான். தப்பான கம்பெனியில் மாட்டினால் வேனும் போகும், முன்பணமும் போகும்.

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தேதான் போவது என்று முன்பே பேசிவைத்திருந்தோம். அதற்குக் காரணம் உண்டு.

எங்களிடம் ஒரு பழக்கம். கம்பெனி ரூட் பிரித்துக் கொடுக்கும். நாங்கள் காலையில் ஓர் இடத்தில் வண்டிகளை நிறுத்திப் பார்சலை மறுபடி பிரிப்போம். தெரிந்த வீடு தெரிந்தவருக்கு. சாலாக் செலாத்தானில் எந்தச் சீன ஆன்டி எத்தனை மணிக்குப் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய் வருவாள் என்று சேகருக்குத் தெரியும். பிரிக்பீல்ட்ஸ் கோண்டோ மாடிகளின் வாசலில் காவல் நிற்கிற கார்டுகள் எனக்குப் பழக்கம். போர்ட் கிள்ளான் ஃப்ளாட்டுகளில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுத் தூங்குகிறவர்கள் யார் என்று அமுதாவுக்குத் தெரியும். கம்பெனி சொன்னபடி போனால் பூட்டிய கதவைத்தான் பார்ப்போம். மாற்றிக்கொண்டால் பார்சல் கைக்குப் போய்ச் சேரும்.

2. லோகேஸ் போட்ட இரண்டு கோடு

லோகேஸ் இரண்டு கம்பெனியின் வருட அறிக்கையையும் படித்துவிட்டு வந்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. அவளாகப் படித்தாள். கடைக்காரர் வைத்த பில்லைத் திருப்பி அதில் இரண்டு கோடு போட்டாள்.

"இதுக்குப் பேரு காஸ்ட் ஆஃப் ரெவென்யூ. கம்பெனிக்கு நூறு வெள்ளி உள்ள வருதுன்னு வச்சுக்குங்க. அந்த நூறைச் சம்பாதிக்க நேரா எவ்வளவு வெளிய போச்சு, அதுதான் இது."

"மேனேஜர் சம்பளம், விளம்பரம்லாம்?" என்று கேட்டேன்.

"அது வேற இடத்துல வரும்ணே. இது பொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற செலவு, ஸ்டோரு, கம்ப்யூட்டரு, பணம் கட்டும்போது பேங்க் எடுக்கிற சார்ஜ். அதெல்லாம் சேர்ந்தது."

முதல் கோடு இறங்கியது. வெள்ளைக்கு நாலு வருடத்துக்கு முன் நூறு வெள்ளிக்கு எண்பது வெள்ளி போலச் செலவு. வருடா வருடம் குறைந்து அறுபத்தைந்துக்குப் பக்கத்தில் வந்திருந்தது. இரண்டாவது கோடு ஏறியது. சாம்பல் எழுபதில் தொடங்கி எழுபத்தைந்தைத் தொட்டிருந்தது.

"ஒரு வருசத்தைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது" என்றாள். "நாலு வருசம் சேர்த்துப் பாக்கணும். எந்தப் பக்கம் போகுதுன்னு அப்பத்தான் தெரியும்."

சேகர் எட்டிப் பார்த்தான். "முடிஞ்சுபோச்சு. செலவு ஏறிக்கிட்டே போற கடையில எவனாச்சும் வேலைக்குப் போவானா? என் வீட்ல செலவு ஏறினா இவ என்னை விடுறாளா?"

"ஏத்தறதே நீங்கதான்" என்றாள் லோகேஸ். "ஆனா இவர் சொல்றது சரிதான். கம்பெனி கணக்காப் பார்த்தா வெள்ளைதான் நல்லா இருக்கு. சாம்பல் இப்படியே போனா சிரமம்."

நானும் வெள்ளை என்றுதான் சொன்னேன். எங்களுக்குத் தெரிந்த கணக்கு வீட்டுக் கணக்கு. செலவு குறைந்தால் நல்ல குடும்பம், ஏறினால் கெட்ட குடும்பம். கம்பெனியையும் அப்படியே பார்த்தோம். ரவி தலையாட்டினார். அமுதா அந்தப் பில்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லோகேஸ், இதுல நாங்க எங்க இருக்கோம்?" என்றாள்.

"எங்கன்னா?"

"டிரைவருக்குக் கொடுக்கிற காசு. அதை எந்த இடத்துல எழுதுவாங்க?"

லோகேஸ் பேனாவைக் கோட்டின் மேல் வைத்தாள். "இதுலதான். பொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற செலவுல."

"அப்ப இந்தக் கோடு இறங்குதுன்னா?"

சேகர் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

லோகேஸ் போனை எடுத்து அறிக்கையை மறுபடி திறந்தாள். கொஞ்ச நேரம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "நான் ஆபிஸ்ல எப்பவும் கம்பெனி பக்கம் உட்கார்ந்துதானே பாக்கறேன். இப்படிப் பார்த்ததில்ல" என்றாள். பிறகு சொன்னாள். வெள்ளையில் அதிகமாகக் குறைந்தது பார்சல் கொண்டுபோகிற செலவுதான். சாம்பலில் அது அப்படியே நிற்கிறது. அங்கே ஏறியது ஸ்டோரும் மெஷினும். போர்ட் கிள்ளானில் புதிதாக, பார்சல் பிரிக்கிற ஒரு பெரிய ஹப் கட்டியிருக்கிறார்கள்.

"அப்ப வெள்ளைக் கம்பெனிக்காரன் டிரைவர் காசைத்தான் குறைச்சிருக்கான்" என்றான் சேகர்.

"அப்படிச் சொல்லிர முடியாது லா. ஒரே தெருவில பார்சல் நிறையச் சேர்ந்தாலும் செலவு குறையும். ரேட்டைக் குறைச்சாலும் குறையும். ரெண்டுல எதுன்னு இதுல எழுத மாட்டாங்க. ஓட்டறவங்களைத்தான் கேக்கணும்."

3. வெள்ளை ஹப், கிள்ளான்

திங்கட்கிழமை காலை நானும் அமுதாவும் கிள்ளானில் வெள்ளை ஹப்புக்குப் போனோம். வேன்கள் வரிசையில் நின்றன. பாலா என்று ஒரு டிரைவர். வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பாஸ், இங்க ரேட் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"இந்த மாசமா, போன மாசமா?"

அமுதா என்னைப் பார்த்தாள்.

"நான் சேர்ந்தப்ப ரெண்டு வெள்ளி இருபது" என்றார் பாலா. "போன்ல மெசேஜ் வரும். பத்து காசு குறைஞ்சிருக்கும். அப்புறம் இன்னொரு மெசேஜ். இப்ப ஒண்ணு எண்பதுல நிக்குது. ஆனா கம்பெனியைத் திட்ட மாட்டேன். பார்சல் அவ்வளவு வருது. முன்ன எண்பது பார்சல் போட்ட நேரத்துல இப்ப நூறு போடறேன். கைக்கு அதே காசு வருது. கால்தான் வலிக்குது."

"தவணை கட்ட முடியுமாண்ணே?" என்றாள் அமுதா.

"இது மாமனார் வேன்மா. தவணை இல்ல. இருந்திருந்தா நான் ஓடியிருப்பேன்."

ஹப் மேனேஜர் மிஸ்டர் டான். நல்ல மனிதர். கோப்பி வாங்கிக் கொடுத்தார். மலாயில்தான் பேசிக்கொண்டோம். ரேட்டை ஒப்பந்தத்தில் எழுதுவீர்களா என்று அமுதா கேட்டாள்.

"ரேட் போன் ஆப்புல இருக்கு லா. ஆப்புல என்ன ரேட்டோ ஒப்பந்தத்துக்கும் அதுதான்" என்றார்.

பார்சல் மாற்றிக்கொள்ளலாமா என்று நான் கேட்டேன். முடியாது. ஒருவர் பேரில் ஸ்கேன் ஆனதை அவர்தான் கொண்டுபோக வேண்டும். சிஸ்டம் விடாது.

சூராட் தயார் என்றார். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு வரை வைத்திருப்பேன், அதற்குப் பிறகு அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னார்.

4. சாம்பல் ஹப், போர்ட் கிள்ளான்

அங்கிருந்து நேராகப் போர்ட் கிள்ளான். சாம்பலின் புது ஹப். உள்ளே ஒரு நீள பெல்ட் ஓடுகிறது. பார்சல் அதில் போய்த் தானாக ரூட் ரூட்டாகப் பிரிந்து விழுகிறது. டிரைவர்கள் ஒன்பது மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டார்கள். பழைய கம்பெனியில் நாங்கள் பதினொன்று வரை காத்திருப்போம். இரண்டு மூன்று பேரைக் கேட்டோம். ரேட் மாறவில்லை என்றார்கள். ஏறவும் இல்லை.

லோகேஸ் போட்ட ஏறுகிற கோடு இதுதான் என்று புரிந்தது. அந்த பெல்ட்டுக்குத்தான் காசு போயிருக்கிறது.

மேனேஜர் என்சிக் அஸ்மான். என்சிக் என்றால் மலாயில் மிஸ்டர். தூங்காத முகம்.

"ஏன் செலவு ஏறுதுன்னு தலைமை ஆபிஸ்ல மாசாமாசம் என்னைக் கேக்கறாங்க" என்றார். "மெஷின் வாங்கினது அவங்க. பதில் சொல்றது நான்."

நான் ரேட்டைப் பற்றிக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அமுதா முந்திக்கொண்டாள்.

"பாஸ், ஒரு நாளைக்கு எத்தனை பார்சல் திரும்பி வருது?"

அவர் ஓரமாகக் கைகாட்டினார். கூண்டு வண்டிகளில் திரும்பி வந்த பார்சல் மலைபோலக் கிடந்தது.

"ஒரு வேனுக்குப் பத்து, பதினஞ்சு."

"அதையெல்லாம் நாளைக்கு மறுபடி தூக்குவீங்க. ரெண்டாவது தடவைக்கு உங்களுக்கு யாரும் காசு கொடுக்கறதில்ல."

"கொடுக்கறதில்ல."

அமுதா எங்கள் பழக்கத்தைச் சொன்னாள். தூங்குகிற ஃப்ளாட்டுக்குக் காலை பத்து மணிக்குப் போகாமல் மூன்று மணிக்குப் போவதை. பாசார் ஆன்டிகளை. கார்டுகளை. எங்களுக்குள் மாற்றிக்கொள்ள விட்டால் திரும்பி வருவது குறையும் என்றாள். பதிலுக்கு ரேட்டை இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத்தில் எழுத வேண்டும், குறைக்கக் கூடாது என்றாள்.

அவர் உடனே சரி சொல்லவில்லை. "பார்சல் தொலைஞ்சா யாரைப் பிடிக்கிறது? ஸ்கேன் ஒருத்தர் பேர்ல, பார்சல் இன்னொருத்தர் வேன்ல."

"மூணு பேரையும் பிடிங்க. மூணு பேரும் கையெழுத்துப் போடறோம்."

என்னை யாரும் கேட்கவில்லை. நான் தலையாட்டினேன். சேகர் அங்கே இல்லை. அவனுக்கும் சேர்த்து ஆட்டினேன்.

தலைமை ஆபிஸைக் கேட்டு வியாழக்கிழமை சொல்கிறேன் என்றார்.

5. வெள்ளிக்கிழமை

வியாழக்கிழமை போன் வரவில்லை.

சேகர் எனக்குப் போன் செய்தான். "என்னைக் கேக்காம என் கையெழுத்தை வித்துட்டு வந்துட்டீங்க. சரி, போகட்டும். அவர் கூப்பிடாட்டி?"

"கூப்பிடுவார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது. போனை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு அமுதா வீட்டுக்குப் போனேன். ரவி கட்டிலில் படுத்திருந்தார். மிஸ்டர் டானின் சூராட் கிள்ளானில் காத்திருக்கிறது. பன்னிரண்டு வரைதான். எடுத்தால் கடன் உறுதி. வேன் உறுதி. பிறகு ரேட் எங்கே போகும் என்று தெரியாது. எடுக்காமல் இருந்து அஸ்மானும் கூப்பிடாவிட்டால் ஒன்றுமே இல்லை.

"நீ என்ன சொல்றே?" என்று அமுதா ரவியைக் கேட்டாள்.

"ஓட்டப்போறது நீ. எது எடுத்தாலும் நான் பேச மாட்டேன். தோத்துப்போனாலும் பேச மாட்டேன்."

அமுதா துணி துவைக்கப் போய்விட்டாள். பதினொன்றரைக்கு வந்து மணி பார்த்தாள். பன்னிரண்டுக்கு வந்து பார்த்தாள். மறுபடி துவைக்கப் போனாள். வெள்ளை சூராட் போயிற்று. ரவி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை.

ஜுமாத் தொழுகை முடிந்து இரண்டே முக்காலுக்கு என்சிக் அஸ்மான் கூப்பிட்டார். மூன்று மாதம் பரீட்சை. மாற்றிக்கொள்ளலாம். ரேட் ஒரு வெள்ளி அறுபது, இரண்டு வருடம் குறையாது. எழுதித் தருகிறோம். சூராட் ஆபிஸில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அமுதா ஈரக் கையோடு மோட்டார் சைக்கிளை எடுத்தாள். ஹப்புக்குப் போய், அங்கிருந்து கிள்ளானில் வங்கிக்கு. நாலு மணிக்கு அவள் உள்ளே இருந்தாள். வங்கிக் காவலாளி பின்னால் கதவை இறக்கிக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னாள்.

6. அதற்குப் பிறகு

கடன் கிடைத்தது, வேன் வந்தது. ஆனால் எல்லாம் நேராகப் போகவில்லை. ஓட்டத் தொடங்கிய இரண்டாவது வாரமே ஒரு பார்சல் காணாமல் போயிற்று. விலை உயர்ந்த போன். இரண்டு நாள் தேடினோம். சேகர் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தான். கடைசியில் அது அவன் வேனில், அவன் மழைக்கோட்டுக்குக் கீழே கிடந்தது.

"மழை இல்லாத வாரம் லா. கோட்டை யாரு தூக்கிப் பாப்பா?" என்றான்.

அன்று முதல் மாற்றிக்கொண்ட ஒவ்வொரு பார்சலையும் தன் வேனில் ஏற்றுகிறவர் போனில் படம் எடுத்து மற்ற இருவருக்கும் அனுப்ப வேண்டும் என்று வைத்தோம். இன்றும் அப்படித்தான்.

ரவி ஒரு வேலை கண்டுபிடித்தார். காலையில் கட்டிலில் படுத்தபடியே வாடிக்கையாளர்களைப் போனில் கூப்பிடுவார். "ஆன்டி, இன்னிக்கு உங்க பார்சல் வருது, எத்தனை மணிக்கு வீட்ல இருப்பீங்க?" தமிழ், மலாய், கொஞ்சம் சீனமும். ஃபோர்க்லிஃப்ட் இரைச்சலில் கத்திப் பழகிய குரல் என்பதால் எல்லோருக்கும் நன்றாகக் கேட்கும். திரும்பி வருவது பாதியாகக் குறைந்தது. மூன்று மாதப் பரீட்சையில் தேறினோம். ஹப்பில் வேறு டிரைவர்களும் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து மாற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். இப்போது ரவி அவர்களுக்கும் கூப்பிடுகிறார். அவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்கிறார்கள். கட்டிலை விட்டு மேசைக்கு வந்துவிட்டார். முதுகுக்கு ஒரு நாற்காலி வாங்கியிருக்கிறார்.

அடுத்த வருட அறிக்கை வந்ததும் லோகேஸ் அதே கடையில் இன்னொரு பில்லைத் திருப்பிக் கோடு போட்டாள். சாம்பலின் கோடு ஏறுவதை நிறுத்தியிருந்தது. லேசாகத் திரும்பியிருந்தது.

"நாங்க பண்ணினதா?" என்றான் சேகர்.

"இது பத்து நாட்டுக் கணக்கு. அதுல உங்க மூணு பேரைத் தேட முடியுமா?" என்றாள். "ஆனா உங்க ரேட் குறையாமலேயே கோடு திரும்பியிருக்கு. அதை மட்டும் சொல்லலாம்."

வெள்ளையும் நன்றாகத்தான் இருக்கிறது. அதன் கோடு இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. பாலாவைப் பிறகு ஒரு நாள் கிள்ளானில் பார்த்தேன். ரேட் எவ்வளவு என்று கேட்கவில்லை. அவராகவே சொன்னார், ஒன்றரை வெள்ளி. உங்கள் ஹப்பில் இடம் இருக்கிறதா என்று கேட்டார். அஸ்மானின் நம்பரைக் கொடுத்தேன். ஒப்பந்தம் முடிந்ததும் வந்து சேர்ந்தார்.

எங்கள் இரண்டு வருடமும் முடிந்தது. மறுபடி கையெழுத்துப் போட்டோம். பத்து காசு ஏற்றிக் கொடுத்தார்கள். அமுதா ஒரு மாதத் தவணையும் தவறவில்லை.

வேன் வாங்கப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நான் ஆறாம் வகுப்பு. கம்பெனிக் கணக்கு எனக்கு வராது. ஆனால் அந்தக் கணக்கில் நமக்கு ஓர் இடம் இருக்கிறது. அது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் செலவு என்று எழுதுவதில் உங்கள் சம்பளமும் இருக்கும். கோடு இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள், ஏறினால் பயப்படாதீர்கள். எது இறங்கியது, எது ஏறியது என்று பாருங்கள். புரியாவிட்டால் அந்த ஹப்புக்குப் போய் ஓட்டுகிறவரைக் கேளுங்கள். கூலியைக் குறைக்காமலும் செலவைக் குறைக்க வழி இருக்கும். அது பெரும்பாலும் நமக்குத்தான் தெரிந்திருக்கும். வாய் திறந்து சொல்ல வேண்டும். அமுதா சொன்னாள்.

நேற்றுச் சாயங்காலம் என் வேனுக்குப் பின்னால் அவள் வேன் ஹப்புக்குள் வந்தது. காலையில் நூற்றுப் பத்து பார்சல் ஏற்றிக்கொண்டு போனவள். திரும்பி வந்தது எத்தனை என்று கேட்டேன். பின்கதவைத் திறந்து காட்டினாள்.

மூன்று.